பொத்தான், பொத்தான், பொத்தான்: அரசு இணையதளங்களும் பதினைந்தாம் விதியும்

சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் அரசு அலுவலகத்துக்காக நாங்கள் நால்வர் சேர்ந்து இணையதளம் ஒன்றைக் கட்டி முடித்திருந்தோம். விண்ணப்பப் படிவம், கட்டணம் செலுத்தும் பக்கம், அரசாணைகளின் பட்டியல் என எல்லாம் சரியாக வேலை செய்தன; தானியங்கிச் சோதனைக் கருவியும் நல்ல மதிப்பெண்ணே கொடுத்திருந்தது. ஒப்படைப்பதற்கு முந்தைய வாரம், எனக்கு நீண்ட நாள் பழக்கமான ஆசிரியர் ஒருவரிடம் அதைக் காட்டினேன். காட்டினேன் என்று எழுதுவது பழக்கதோஷம். அவருக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறார். தம் மடிக்கணினியில் திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் என்விடிஏ என்னும் இலவசத் திரைவாசிப்பானை வைத்துக்கொண்டு, நான் கண்ணால் படிக்கும் வேகத்தைவிட விரைவாகக் காதால் படிப்பவர். டேப் விசையை ஏழெட்டு முறை தட்டிவிட்டு நிறுத்தினார். “தம்பி, பொத்தான், பொத்தான், பொத்தான்னுதான் சொல்லுது. எதுக்கான பொத்தான்னு சொல்ல மாட்டேங்குது” என்றார்.

நடந்தது இதுதான். அந்தப் பொத்தான்களில் எழுத்து இல்லை, சிறு சின்னங்கள் மட்டுமே இருந்தன. பெயரில்லாத பொத்தான் என்று சோதனைக் கருவி சிவப்புக் கோடு போட்டுக்கொண்டே இருந்ததால், எங்கள் குழுவில் ஒருவர் எல்லாவற்றுக்கும் ‘பொத்தான்’ என்றே பெயர் வைத்துவிட்டார். கருவி அமைதியாகிவிட்டது. அந்த ஒருவர் நான்தான் என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அன்று மாலை வரை அவர் கண்டுபிடித்துச் சொன்ன குறைகள் இருபத்து மூன்று. அவற்றுள் பிறந்த தேதியைச் சுட்டியால் (மவுஸ்) மட்டுமே தேர்ந்தெடுக்க முடிகிற நாட்காட்டியும், படத்தில் உள்ள எழுத்தைப் படித்து மனிதர்தான் என்று மெய்ப்பிக்கச் சொல்லும், ஒலி வடிவ மாற்று இல்லாத கேப்ட்சாவும் அடக்கம். அதன் பிறகுதான் இது தொடர்பான சட்டத்தையும் விதிகளையும் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன். இணையதளம் கட்டுகிற எங்களில் பெரும்பாலோர் படிப்பதில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 42ஆம் பிரிவு மூன்று செய்திகளைச் சொல்கிறது: ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களில் உள்ள உள்ளடக்கம் அனைத்தும் அணுகக்கூடிய வடிவில் கிடைப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும், மின்னணு ஊடகங்களில் ஒலி விவரணை, சைகை மொழிபெயர்ப்பு, வசன வரி ஆகியவை இருக்க வேண்டும், அன்றாடம் பயன்படும் மின்னணுப் பொருள்கள் எல்லோருக்கும் பொருந்தும் வடிவமைப்பில் கிடைக்க வேண்டும். 46ஆம் பிரிவோ, சேவை வழங்குவோர் அரசாயினும் தனியாராயினும், விதிகள் அறிவிக்கப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்குள் இவற்றுக்கு இணங்க வேண்டும் என்கிறது. விதிகள் 2017 ஜூன் மாதம் அறிவிக்கப்பட்டன. எனவே கெடு 2019ஆம் ஆண்டு நடுவிலேயே முடிந்துவிட்டது. மீறினால் 89ஆம் பிரிவின்படி முதல் முறை பத்தாயிரம் ரூபாய் வரையிலும், அடுத்தடுத்த மீறல்களுக்கு ஐம்பதாயிரத்துக்குக் குறையாமல் ஐந்து லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கலாம்.

அந்த விதிகளில் பதினைந்தாவதே இணையதளம் கட்டுவோரும் கோப்பேற்றுவோரும் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டியது. அது 2017இல் வந்தபோதே, இணையதளங்கள் இந்திய அரசின் இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகளின்படி அமைய வேண்டும் என்றது; தளத்தில் ஏற்றப்படும் ஆவணங்கள் மின்னூலுக்குரிய இ-பப் வடிவிலோ, படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் எழுத்துணரி வழியாக எழுத்துகளாக்கப்பட்ட பி.டி.எஃப். வடிவிலோ இருக்க வேண்டும் என்றும் சொன்னது. இந்த இரண்டாவது கட்டளையை நான் முதன்முதலாகப் படித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. ஏனெனில் அதே நாளில் ஓர் அலுவலகத்திலிருந்து எனக்கு வந்து சேர்ந்திருந்த நூற்றுக்கும் மேற்பட்ட கோப்புகளில் ஒன்றுகூட அப்படி இல்லை. கையொப்பமும் முத்திரையும் இட்ட தாளை ஸ்கேனரில் வைத்து, சற்றே சாய்ந்த நிலையில் படமெடுத்து, அதையே பி.டி.எஃப். ஆக்கி அனுப்பியிருந்தார்கள். கண்ணுக்கு அது கடிதம். திரைவாசிப்பானுக்கு அது வெற்றுத்தாள். கையொப்பம் தெரிந்தால்தான் அரசாணை உண்மையானது என்னும் நம்பிக்கை அலுவலகங்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அந்த நம்பிக்கையைக் குறை சொல்லவில்லை. கையொப்பமிட்ட படத்தின் அருகிலேயே எழுத்து வடிவத்தையும் ஏற்றுவதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

தமிழில் இந்தச் சிக்கல் ஆங்கிலத்தில் இல்லாத வேறு சில மடிப்புகளையும் கொண்டது. பல அலுவலகங்களில் தட்டச்சு செய்யப்பட்ட பழைய கோப்புகள் வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் இருக்கின்றன. இவற்றில் தமிழெழுத்து என்பது ஆங்கில எழுத்தின்மேல் போர்த்திய உடுப்பு மட்டுமே. பாமினியில் ‘தமிழ்’ என்று திரையில் தெரிந்தாலும், கணினியின் நினைவில் இருப்பது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். திரைவாசிப்பான் உடுப்பைப் பார்க்காது, உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். ஓர் அரசாணையை முழுக்க இப்படி ஆங்கில எழுத்துக் குப்பையாகக் கேட்டுப் பாருங்கள். ஐந்து நொடிக்கு மேல் தாங்க மாட்டீர்கள். தமிழ்நாடு அரசு 2010 ஜூனில், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த அதே நாள்களில், எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கமான ஒருங்குறியையும் (யூனிகோட்) தமிழுக்கென்றே அமைந்த டேஸ்-16 குறியாக்கத்தையும் தரமாக அறிவித்து ஆணையிட்டது. அதற்குப் பிந்தைய கோப்புகளிலும் பழைய எழுத்துருக்கள் தொடர்ந்ததை நான் என் வேலையிலேயே கண்டிருக்கிறேன். பழகிய விசைப்பலகையை விரல்கள் விடுவதில்லை. தவிர, பழைய கடிதத்தைத் திறந்து தேதியையும் பெயரையும் மாற்றிப் புதிய கடிதமாக்குவதுதானே அலுவலக வழக்கம்? எழுத்துருவும் அப்படியே பரம்பரைச் சொத்தாகக் கைமாறுகிறது.

சரி, ஒருங்குறியில் தட்டச்சு செய்துவிட்டால் போதுமா என்றால், அங்கும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஒருங்குறியில் ‘கெ’ என்பதை ககரத்தை முதலிலும் எகரக் குறியை அடுத்தும் வைத்துச் சேமிக்கிறோம். கண்ணுக்கோ ஒற்றைக்கொம்பு முன்னால் தெரிகிறது. சில மென்பொருள்கள் பி.டி.எஃப். ஆக்கும்போது எழுத்தின் வரிசையை விட்டுவிட்டு வடிவத்தின் வரிசையைப் பதித்துவிடுகின்றன. கொம்பு தனியாக, மெய் தனியாக, கால் தனியாகச் சிதறிப் போகும். அத்தகைய கோப்பிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பார்த்தவர்களுக்கு இந்தச் சிதைவு தெரிந்திருக்கும். பார்வையுள்ளவருக்கு நகலெடுக்கும்போது மட்டும் வரும் எரிச்சல் இது. திரைவாசிப்பானை நம்பியிருப்பவருக்கோ ஒவ்வொரு வரியிலும் வரும். ஆவணத்தைத் தட்டச்சு செய்த மென்பொருளிலிருந்தே நேரடியாக பி.டி.எஃப். ஆகச் சேமிப்பதற்கும் ‘பிரிண்ட்’ கொடுத்து பி.டி.எஃப். ஆக்குவதற்கும் இடையே உள்ள வேறுபாட்டையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இரண்டாவது வழியில் தலைப்பு எது, பட்டியல் எது, அட்டவணையின் எந்தக் கட்டம் எந்தத் தலைப்புக்குக் கீழே வருகிறது என்னும் கட்டமைப்புக் குறிகள் எல்லாம் உதிர்ந்துவிடும். ஒரே கோப்பு, ஒரே தோற்றம், இரண்டு சொடுக்குகளில் ஒன்று மட்டுமே சரியானது. இதை எந்த நெறிமுறையைக் காட்டிலும் தட்டச்சர் ஒருவருக்கு அருகில் உட்கார்ந்து ஒரு முறை செய்துகாட்டுவது எளிது.

இதனோடு சேர்ந்த இன்னொன்று, பக்கத்தின் மொழியைக் குறிப்பிடுவது. இந்தப் பக்கம் தமிழ் என்று நிரலில் ஒரு சிறு குறி இடாவிட்டால், சில திரைவாசிப்பான்கள் தமிழ்ப் பக்கத்தையும் ஆங்கிலக் குரலிலேயே படிக்க முனையும். சில வெறுமனே எழுத்துகளைத் தாண்டிச் செல்லும். உலகளாவிய வலை உள்ளடக்க அணுகல் நெறிமுறைகளில் இது மிக அடிப்படையான ‘ஏ’ நிலையைச் சேர்ந்த நிபந்தனை. ஆங்கிலத் தளத்தை நகலெடுத்துத் தமிழாக்கும் பழக்கத்தில் இந்தக் குறி ஆங்கிலம் என்றே நின்றுவிடுகிறது. திருத்துவதற்கு இரண்டே எழுத்துகளை மாற்றினால் போதும்.

இந்திய அரசின் நெறிமுறைகளைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். தேசியத் தகவலியல் மையம் 2009இல் முதல் பதிப்பைக் கொண்டுவந்தது. 2023இல் மூன்றாம் பதிப்பு வந்துவிட்டது. அது மேலே சொன்ன உலகளாவிய நெறிமுறையின் 2.1ஆம் பதிப்பையும் அதன் ‘ஏஏ’ நிலையையும் ஒட்டியது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்னும் விகிதத்தில் இருக்க வேண்டும். சுட்டி இல்லாமல் விசைப்பலகையை மட்டும் கொண்டு எல்லா வேலையும் முடிய வேண்டும். பதிவுசெய்த காணொளிக்கு வசன வரி வேண்டும். படத்துக்கு, அதில் இருப்பதை விவரிக்கும் மாற்று உரை வேண்டும் என்று எல்லாம் தெளிவாக இருக்கின்றன. இதற்கிடையே இந்தியத் தர நிர்ணய அமைவனம் தகவல் தொழில்நுட்பப் பொருள்களுக்கும் சேவைகளுக்குமான அணுகல்தன்மைத் தரத்தை ஐ.எஸ். 17802 என்னும் எண்ணில் இரண்டு பகுதிகளாக வெளியிட்டது. 2023இல் பதினைந்தாம் விதியும் திருத்தப்பட்டு அந்தத் தரம் விதிக்குள்ளேயே வந்துவிட்டது. ஆக, தாளில் குறையில்லை. மாற்று உரை என்னும் இடத்தில் ‘படம்’ என்று எழுதிவைக்கும் நம் கைகளில்தான் குறை.

அப்படியே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தாளிலும் ஒரு குறை இருக்கிறது என்பதை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று சுட்டிக்காட்டியது. பார்வை மாற்றுத்திறனாளியான ராஜீவ் ரதூரி 2005இல் தொடுத்த பொதுநல வழக்கு அது. 2017 டிசம்பரில் விரிவான உத்தரவுகள் பிறப்பிக்கப்பட்டும் நிலைமை பெரிதாக மாறாததால் நீதிமன்றம் ஹைதராபாத்தின் நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்திலுள்ள மாற்றுத்திறனாளிகள் ஆய்வு மையத்திடம் அறிக்கை கேட்டது. அதன் பின் தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு, பதினைந்தாம் விதியின் முதல் உட்பிரிவு தாய்ச்சட்டத்தின் திட்டத்தோடு முரண்படுகிறது, ஆகவே செல்லாது என்று தீர்ப்பளித்தது. காரணம் நுட்பமானது. சட்டம் ‘செய்தே ஆக வேண்டும்’ என்கிறது. அந்தக் கட்டாயத்தை நிறைவேற்றுவதற்காக எழுதப்பட்ட விதியோ, பல்வேறு அமைச்சகங்கள் தத்தமக்கு எழுதிக்கொண்ட வழிகாட்டுதல்களைக் கைகாட்டிவிட்டு நிற்கிறது. அந்த வழிகாட்டுதல்களைப் புரட்டினால் ‘செய்யலாம்’, ‘செய்வது நன்று’, ‘பரிந்துரைக்கப்படுகிறது’ என்னும் சொற்களே மிகுதி. கட்டாயம் என்று தொடங்கிய ஒன்று படிகளில் இறங்கி இறங்கி ஆலோசனையாக முடிந்துவிட்டது. எவற்றில் விட்டுக்கொடுக்கவே முடியாது என்று பிரித்துக் கட்டாய விதிகளாக வகுக்க மத்திய அரசுக்கு மூன்று மாதம் அவகாசம் தந்தது நீதிமன்றம்.

ஒப்பந்தப் பணியில் இருப்பவன் என்ற முறையில் இந்த வேறுபாட்டின் எடையை என்னால் உணர முடிகிறது. ஒப்பந்தப் புள்ளியில் ‘வழிகாட்டு நெறிமுறைகளைப் பின்பற்ற வேண்டும்’ என்று ஒரு வரி எப்போதும் இருக்கும். அந்த வரிக்கு யாரும் விலை போடுவதில்லை. பாதுகாப்புத் தணிக்கைச் சான்றிதழ் இல்லாவிட்டால் அரசுக் கணினி மையத்தில் தளத்தை ஏற்றவே விடமாட்டார்கள். அதனால் அதற்கு ஆள் ஒதுக்குகிறோம், நாள் ஒதுக்குகிறோம். அணுகல்தன்மையில் தவறினால் நான் கண்டவரை எந்தப் பட்டியல் (பில்) தொகையும் நின்றதில்லை. அதற்குப் பதிலாகப் பக்கத்தின் மூலையில் சக்கர நாற்காலிச் சின்னம் போட்ட ஒரு மிதவைப் பொத்தானை வைத்துவிடுகிறோம். அழுத்தினால் எழுத்து பெரிதாகும், நிறம் மாறும். அதிகாரிகளுக்கு அது பிடிக்கும், ஏனெனில் கண்ணுக்குத் தெரிகிறது. எங்கள் ஆசிரியருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அவருடைய கணினியில் குரல் ஏற்கெனவே இருக்கிறது, அவருக்கு வேண்டியது பொத்தானின் பெயர். இத்தகைய ஒட்டுச் செருகி எந்தத் தளத்தையும் நெறிமுறைக்கு இணங்கவைத்துவிடும் என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்தை, அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2025இல் பத்து லட்சம் டாலர் கட்டவைத்தது என்பதை இங்கே ஒரு குறிப்பாகச் சொல்லிவைக்கிறேன்.

ரதூரி தீர்ப்பு வந்து ஆறு மாதத்துக்குள் இன்னொன்றும் வந்தது. அமில வீச்சில் முகமும் கண்களும் சிதைந்த பிரக்யா பிரசூன் வங்கிக் கணக்குத் தொடங்கச் சென்றபோது, உயிருள்ள ஆள்தான் என்று மெய்ப்பிக்கக் கேமராவின் முன் கண் சிமிட்டச் சொன்னார்கள். அவரால் சிமிட்ட முடியாது. பார்வையற்றவரான அமர் ஜெயின் தொடுத்த வழக்கும் அதனோடு சேர்த்து விசாரிக்கப்பட்டது. நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோரின் அமர்வு 2025 ஏப்ரல் 30 அன்று, எண்ணிம (டிஜிட்டல்) சேவைகளை அணுகும் உரிமை அரசமைப்பின் 21ஆம் உறுப்பு தரும் வாழ்வுரிமையின் உள்ளார்ந்த பகுதி என்று கூறி இருபது உத்தரவுகளைப் பிறப்பித்தது. கண் சிமிட்டலுக்கு மாற்று வழி வேண்டும், சான்று பெற்ற அணுகல்தன்மை வல்லுநர்களைக் கொண்டு அவ்வப்போது தணிக்கை செய்ய வேண்டும் என்பவற்றோடு, செயலியையும் தளத்தையும் வடிவமைக்கும்போது பயனர் ஏற்புச் சோதனையில் பார்வையற்றோரை ஈடுபடுத்த வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. மற்றவை எல்லாம் ஒரு பக்கம், இந்த ஒன்று ஒரு பக்கம் என்பேன். எங்கள் இருபத்து மூன்று குறைகளை எந்தக் கருவியும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு மனிதர் ஒரே மாலையில் கண்டுபிடித்தார்.

ஊடகங்களின் பக்கம் நான் வேலை செய்தவனில்லை. பார்வையாளனாகச் சில வரிகள் மட்டும் எழுதுகிறேன். தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் செவித்திறன் குறைந்தோரைச் சென்றடைவதற்கான தரங்களைத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2019 செப்டம்பரில் வெளியிட்டது. 2024 மார்ச்சில் திரையரங்குகளுக்கான வழிகாட்டுதல்கள் வந்தன. ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் தணிக்கைச் சான்று பெறும் படங்கள் ஆறு மாதத்துக்குள்ளும், ஏனையவை இரண்டு ஆண்டுகளுக்குள்ளும், பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஒன்றும் செவிக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஒன்றுமாகக் குறைந்தது இரண்டு வசதிகளைத் தர வேண்டும் என்பது அவற்றின் சாரம். தெலுங்கிலும் இந்தியிலும் சேர்ந்தே வெளியாகும் பெரிய தமிழ்ப் படங்கள் இதன் முதல் வகையிலேயே வந்துவிடுகின்றன. அரசின் விதியெதுவும் எழுதித்தரத் தேவையில்லாத எளிய செயல் ஒன்றும் இருக்கிறது. புயல் நாள்களில் செய்தி வாசிப்பவர், “உதவிக்குத் திரையில் தெரியும் எண்களை அழையுங்கள்” என்கிறார். எங்கள் ஆசிரியரின் வீட்டில் கணவன், மனைவி இருவருக்கும் பார்வை இல்லை. திரை இருக்கிறது, எண் தெரிகிறது, யாருக்கு? அந்த எண்ணை ஒரு முறை வாய்விட்டுச் சொல்ல நான்கு நொடி ஆகும். அரசுத் துறைகள் சமூக ஊடகங்களில் எச்சரிக்கைகளைப் பல வண்ண அட்டைப் படங்களாக மட்டும் வெளியிடுவதும் இதே வகைதான். படத்தில் உள்ள வாசகத்தை மேலே எழுத்தாகவும் ஒட்டிவிட்டால் முடிந்தது.

அந்தப் பழைய தளத்தை நாங்கள் திருத்தித்தான் ஒப்படைத்தோம். பொத்தான்களுக்குப் பெயர் வந்தது. தேதியைத் தட்டச்சு செய்ய முடிந்தது. கேப்ட்சாவின் இடத்தில் கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல் வந்தது. ஸ்கேன் கோப்புகள் மட்டும் அப்படியே ஏறின. அவை எங்கள் பொறுப்பில் இல்லை என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது, நாங்களும் அதைப் பிடித்துக்கொண்டோம்.

இப்போது வேறோர் அலுவலகத்துக்கான திட்ட மதிப்பீட்டைத் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். அதில் பயனர் சோதனை என்னும் வரியின் கீழ், திரைவாசிப்பான் பயன்படுத்தும் மூவருக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று ஐந்து நாளுக்கான மதிப்பூதியத்தையும், பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றுவதற்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையையும் சேர்த்திருந்தேன். ஆசிரியரிடம் நாள் கேட்டேன். காலாண்டு விடுமுறையில் வருவதாகவும், இந்த முறை பொத்தான்களுக்கு நானே யோசித்துப் பெயர் வைக்கும்படியும் சொன்னார். மதிப்பீட்டைப் பார்த்த அதிகாரி நல்லவர். தீர்ப்பின் நகலைக் கேட்டு வாங்கிப் படித்தார், தேவைதான் என்றும் சொன்னார். பிறகு, இந்த மதிப்பூதியத்தை எந்தக் கணக்குத் தலைப்பின் கீழ் வழங்குவது என்று கேட்டுக் கோப்பை நிதிப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறார். மூன்று வாரமாக அங்கே இருக்கிறது.